ரிப்போர்ட்டில் எல்லாம் பச்சை, உள்ளே மூன்று வாரத் தாமதம்: எப்போது, எப்படிச் சொல்வது?

நீலக்குடை:

வணக்கம் நண்பர்களே. கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுமையாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள். மூன்று பழைய டேட்டாபேஸ்களில் இருக்கும் வாடிக்கையாளர் கணக்குகளை ஒரே புதிய சிஸ்டத்துக்கு மாற்றும் ப்ராஜெக்டை நான் பார்த்துக்கொள்கிறேன். கோ-லைவ் தேதி, அதாவது புதிய சிஸ்டம் பயன்பாட்டுக்கு வர வேண்டிய நாள், காண்ட்ராக்டிலேயே இருக்கிறது. அதை நம்பிப் பழைய சர்வர் வாடகையை நிறுத்தவும் கிளையண்ட் ஏற்பாடு செய்துவிட்டார். வெள்ளிதோறும் ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் போகும், இதுவரை எல்லா வரியும் பச்சைதான் (திட்டப்படி போகிறது என்று அர்த்தம், சிக்கல் என்றால் சிவப்பு).

இந்த வாரம்தான் முதல்முறையாக முழு டேட்டாவையும் வைத்து ஒரு லோடு ஓட்டினோம், அதாவது எல்லாவற்றையும் புதிய சிஸ்டத்தில் ஏற்றிப் பார்த்தோம். பிறந்த தேதி காலியாக இருந்த கணக்குகளில் எல்லாம் பழைய சிஸ்டம் தானாகவே 01-01-1900 என்று நிரப்பி வைத்திருக்கிறது, நூறு வயதைத் தாண்டியவர்கள் என்று புதிய சிஸ்டம் அந்தக் கணக்குகளை ஏற்க மறுக்கிறது. அதோடு ஒரே ஆள் மூன்று டேட்டாபேஸிலும் மூன்று விதமான எழுத்துக்கூட்டலில் இருக்கிறார். எது சரி என்று கிளையண்ட் பக்கத்து ஆள் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். எங்கள் கணக்குப்படி மூன்று வாரம் தள்ளும்.

மேலதிகாரி சொல்வது, "இந்த வாரமும் பச்சையாகவே போகட்டும், சனி ஞாயிறு உட்கார்ந்து பிடித்துவிடலாம், முடியாவிட்டால் அடுத்த மாதம் சொல்லிக்கொள்ளலாம்." டீமில் பலரும் அதற்கே தலையாட்டுகிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் சொல்லிவிட்டு, பிறகு வேலையைப் பிடித்தும் விட்டால் தேவையில்லாமல் பீதியைக் கிளப்பியவன் ஆகிவிடுவேனோ என்றும் இருக்கிறது. உங்கள் அனுபவத்தில் எது சரி?

அரைப்புள்ளி:

உங்கள் மேலதிகாரி சொல்வதை அப்படியே தள்ளிவிடாதீர்கள். ஒருமுறை சிவப்பு காட்டிவிட்டால் அப்புறம் தினம் ஒரு மீட்டிங், தினம் ஒரு விளக்கம், ஆளாளுக்குப் போன். பிரச்சினையைத் தீர்க்க வேண்டியவர்களே உட்கார்ந்து விளக்கம் எழுதிக்கொண்டிருப்பார்கள், மூன்று வாரம் ஐந்து வாரமாகும். எத்தனை கணக்கு பாதிக்கப்பட்டிருக்கிறது, எதை ஸ்கிரிப்ட் (தானாக ஓடும் சிறு நிரல்) போட்டுச் சரிசெய்யலாம், எதற்கு ஆள் வேண்டும் என்பதை முதலில் முழுதாகப் பாருங்கள். தீர்வைக் கையில் வைத்துக்கொண்டு போய்ச் சொல்வதுதான் பொறுப்பான வழி. பாதித் தகவலோடு போனால் "சரி, எப்போதுதான் முடியும்?" என்ற முதல் கேள்விக்கே பதில் இருக்காது.

பழைய_கை:

அரைப்புள்ளி, மன்னிக்கணும், இதில் உங்களோடு உடன்பட முடியவில்லை. முழுதாகத் தெரியட்டும் என்று காத்திருந்தால் அந்த நாள் வரவே வராது, ஒவ்வொரு வாரமும் இன்னும் கொஞ்சம் தெரிய வேண்டியிருக்கும். அதற்குள் எதிர்ப்பக்கத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். இன்றைக்குச் சொன்னால் கிளையண்ட் ஒரு கடிதம் போட்டு சர்வர் வாடகையை நீட்டிக்கொள்வார். கடைசி வாரத்தில் சொன்னால் சர்வரை அணைக்கும் நாள் வந்திருக்கும், புதிய சிஸ்டத்துக்குப் பயிற்சி என்று ஊழியர்களை வரச்சொல்லியிருப்பார்கள், வாடிக்கையாளர்களுக்கு அறிவிப்பும் போயிருக்கும். தாமதம் அதே மூன்று வாரம்தான். இழப்பு பல மடங்கு.

பெர்லின் விமான நிலையக் கதையைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2012 ஜூன் 3 திறப்பு என்று முடிவாகியிருந்தது. தீ விபத்தில் புகையை வெளியேற்றும் ஏற்பாடும் தானியங்கிக் கதவுகளும் சேர்ந்து வேலை செய்யவில்லை என்பது உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியும். கதவுக்குக் கதவு ஆட்களை நிறுத்திச் சமாளிக்கலாம் என்றுகூட யோசித்தார்கள். மே 8 அன்றுதான், திறப்புக்கு நான்கு வாரம்கூட இல்லாத நேரத்தில், முடியாது என்று வெளியில் சொன்னார்கள். விமான நிறுவனங்கள் அட்டவணையை மாற்றி, கடைக்காரர்கள் ஆள் எடுத்து, எல்லாம் தயாராக இருந்தது. அந்த நிலையம் கடைசியில் திறந்தது 2020 அக்டோபர் 31 அன்று. எட்டு வருடத் தாமதத்துக்குக் காரணம் ரிப்போர்ட் மட்டும் என்று சொல்லமாட்டேன், கட்டுமானத்திலேயே கோளாறுகள் இருந்தன. ஆனால் அந்த நான்கு வாரத்தில் மாட்டிக்கொண்டவர்களின் நஷ்டத்துக்குக் காரணம் சொல்லாமல் வைத்திருந்ததுதான்.

எதிர்ப்பக்கம் ஒரு உதாரணமும் தருகிறேன். நாசா செவ்வாய் கிரகத்துக்கு அனுப்பிய கியூரியாசிட்டி ரோவர் என்ற ஆய்வு வண்டி 2009ல் கிளம்ப வேண்டியது. சக்கரத்தையும் கையையும் அசைக்கும் மோட்டார் தொகுதிகள் நேரத்துக்குத் தயாராகவில்லை. செவ்வாய்க்கு ராக்கெட் விடத் தோதான வாய்ப்பு ஏறக்குறைய 26 மாதத்துக்கு ஒருமுறைதான் வரும், அதாவது கொஞ்சம் தள்ளினாலும் இரண்டு வருடம் தள்ளியதாக அர்த்தம். அப்படி இருந்தும் 2008 டிசம்பரிலேயே 2011க்குத் தள்ளுகிறோம் என்று வெளிப்படையாக அறிவித்தார்கள். செலவு ஏறியது, திட்டும் வாங்கினார்கள். 2011 நவம்பர் 26 அன்று கிளம்பி 2012 ஆகஸ்டில் பத்திரமாக இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை வேலை பார்த்துப் பிடித்துவிடலாம் என்று 2009லேயே அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சோதனை_மேசை:

நான் டெஸ்டிங் பக்கம் இருப்பவள். எனக்கு ஒரு கேள்வி. முழு டேட்டா லோடு இந்த வாரம்தான் முதல்முறை என்றால், இத்தனை நாள் ரிப்போர்ட்டில் எத்தனை சதவீதம் போட்டீர்கள், அந்த எண் எங்கிருந்து வந்தது?

நீலக்குடை:

போன வாரம் 85 போட்டோம். டாஸ்க் யாரிடம் இருக்கிறதோ அவரைக் கேட்போம், அவர் சொல்வதைச் சராசரி எடுப்போம். எங்கள் கம்பெனியில் எல்லா டீமும் இப்படித்தான்.

சோதனை_மேசை:

அங்கேதான் சிக்கல் இருக்கிறது என்று நினைத்தேன். "எவ்வளவு முடிந்தது?" என்று கேட்டால் மனுஷன் செலவான நேரத்தை வைத்துத்தான் பதில் சொல்வான். பத்து நாள் வேலையில் எட்டு நாள் போய்விட்டதா, 80. ஒன்பதா, 90. அப்புறம் அந்த 90 அப்படியே வாரக்கணக்கில் நிற்கும், ஏனென்றால் 100 போட்டால் வேலை உண்மையிலேயே முடிந்திருக்க வேண்டும். இதில் யாரும் பொய் சொல்லவில்லை, கேட்ட கேள்வி அப்படி.

நான் டீமில் கேட்பது வேறு: "இன்றையிலிருந்து எண்ணினால் இன்னும் எத்தனை நாள் வேண்டும்?" இதைப் போன வாரமும் கேட்டு, இந்த வாரமும் கேட்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். போன வாரம் ஆறு நாள் மிச்சம் என்றவர் இந்த வாரமும் ஆறு நாள் மிச்சம் என்றால், அந்த டாஸ்க்கில் நமக்குத் தெரியாத ஏதோ ஒன்று இருக்கிறது. அப்போதே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிடலாம். திட்டுவதற்கு இல்லை, பெரும்பாலும் அவர் யாரிடமிருந்தோ பதில் வராமல் மாட்டிக்கொண்டிருப்பார், வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டிருப்பார்.

இன்னொன்று, முழு டேட்டா லோடை முதல் மாதத்திலேயே ஓட்டியிருக்கலாம். புதிய சிஸ்டம் பாதிதான் தயார் என்றாலும் பரவாயில்லை, எங்கே உதைக்கிறது என்பதாவது தெரிந்திருக்கும். பயமான வேலையைக் கடைசியில் வைக்கும் பிளான் எதுவாக இருந்தாலும் எனக்கு நம்பிக்கை வராது. இதை உங்களைக் குறைசொல்வதற்காக எழுதவில்லை, அடுத்த ப்ராஜெக்டுக்கு உதவட்டும் என்றுதான்.

மண்வெட்டி:

மேடம் சொல்வது எங்கள் கட்டுமானத் துறைக்கும் அப்படியே பொருந்தும். தூண் முடிந்ததா என்று கேட்டால் கான்கிரீட் போட்டவர் முடிந்தது என்பார். எனக்கு அது முடியவில்லை. அன்றைக்கு அதே கான்கிரீட்டில் எடுத்த கியூப் (கனசதுர) மாதிரிகளை ஏழாம் நாளும் இருபத்தெட்டாம் நாளும் நசுக்கிப் பார்க்க வேண்டும். சாதாரண சிமெண்டுக்கு ஏழு நாளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வலுதான் வந்திருக்கும், 28 நாள் முடிவு சரியாக வந்தால்தான் என் ஷீட்டில் அந்த வரி மூடப்படும். நடுவில் 60, 70 என்றெல்லாம் நான் எழுதுவதே இல்லை. கம்பி கட்டியாச்சா, பலகை அடிச்சாச்சா, கான்கிரீட் போட்டாச்சா, பலகை பிரிச்சாச்சா, சோதனை வந்தாச்சா. ஆம் அல்லது இல்லை, அவ்வளவுதான். வேலையைத் துண்டு துண்டாக உடைத்துவிட்டால் சதவீதமே தேவைப்படாது.

நீலக்குடை சார், உங்கள் வேலைக்கும் "ஒரு கணக்கு மாற்றப்பட்டது" என்றால் என்ன என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கிரிப்ட் ஓடினால் போதுமா, புதிய சிஸ்டம் ஏற்றுக்கொண்டால் போதுமா, கிளையண்ட் ஆள் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டுமா? மூன்றுக்கும் மூன்று தேதி வரும்.

நீலக்குடை:

நன்றி, இது உண்மையிலேயே உபயோகமாக இருக்கிறது. மேலதிகாரியிடம் மறுபடி பேசினேன். சிவப்பு வேண்டாம் என்று பிடிவாதம் இல்லை, ஆனால் "வேறு டீமிலிருந்து மூன்று பேரைத் தருகிறேன், அப்போது பிடித்துவிடலாமே" என்கிறார். இப்போது ஒன்பது பேர் இருக்கிறோம், பன்னிரண்டு பேர் ஆவோம். இதற்கு என்ன சொல்வது?

எட்டாம்_வரி:

இதற்கு மென்பொருள் உலகில் பழைய பதில் ஒன்று இருக்கிறது. ஐபிஎம்மில் 1960களில் ஓஎஸ்/360 என்ற பெரிய இயங்குதளம் உருவானபோது அதைப் பொறுப்பேற்று நடத்திய ஃப்ரெட் புரூக்ஸ், 1975ல் எழுதிய புத்தகத்தில், தாமதமான மென்பொருள் ப்ராஜெக்டில் ஆளைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று எழுதினார். காரணம் எளிது. புதிதாக வருபவருக்குச் சொல்லிக்கொடுக்க, ஏற்கெனவே நெருக்கடியில் இருக்கும் பழைய ஆள்தான் உட்கார வேண்டும். அதோடு ஒன்பது பேருக்குள் பேசிக்கொள்ள வேண்டிய ஜோடிகள் 36, பன்னிரண்டு பேர் ஆனால் 66. ஏறக்குறைய இரட்டிப்பு.

ஆனால் இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு ஆளே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். எந்த வேலைக்கு ஆள் என்பதுதான் முக்கியம். ஸ்கிரிப்ட் எழுத மூன்று பேர் வந்தால் உபத்திரவம்தான். எழுத்துக்கூட்டல் வித்தியாசமான கணக்குகளை வரிசையாக எடுத்து, ஒன்றா வேறா என்று பிரித்து வைக்க ஆள் வந்தால் நிச்சயம் உதவும், அதற்கு ஒரு பக்கக் குறிப்பு போதும், அவர்களுக்குள் பேச வேண்டிய தேவையும் குறைவு. உங்கள் மேலதிகாரியிடம் "மூன்று பேர் வேண்டாம்" என்று சொல்லாமல் "இந்த வேலைக்கு இரண்டு பேர் கொடுங்கள்" என்று கேளுங்கள். கொடுக்க மனசுள்ள அதிகாரி கிடைப்பதே பெரிய விஷயம்.

மண்வெட்டி:

எங்கள் பக்கம் சொல்வதென்றால், கான்கிரீட் இறுக எத்தனை ஆளைச் சேர்த்தாலும் அது எடுக்கும் நாளைத்தான் எடுக்கும். உங்கள் பிளானிலும் அப்படி ஒரு வரி இருக்கும், கிளையண்ட் ஆள் சரிபார்ப்பது. அந்த வரியைக் குறைக்க உங்கள் ஆட்களால் முடியாது, அவர்கள் பக்கம் ஆள் சேர்த்தால்தான் குறையும். அதனால்தான் உடனே சொல்ல வேண்டும் என்கிறேன்.

கணக்கு_நோட்டு:

தாமதமாக வருகிறேன், ஆனால் யாரும் தொடாத ஒரு இடம் இருக்கிறது. "மூன்று வாரம்" என்ற எண் எப்படி வந்தது? முதல் எஸ்டிமேட்டைப் போட்ட அதே ஆட்கள், அதே நம்பிக்கையோடுதான் இதையும் போட்டிருப்பார்கள். இரண்டாவது தேதியும் தவறினால் முதல் தாமதத்தைவிடப் பெரிய அடி.

மனிதர்கள் முடிவெடுக்கும் விதத்தை ஆராய்ந்த உளவியலாளர் டேனியல் கானமன் தன் சொந்த அனுபவத்தையே இதற்கு உதாரணமாகச் சொல்வார். பள்ளிப் பாடத்திட்டம் ஒன்றைத் தயாரிக்கும் குழுவில் அவர் இருந்தபோது, எப்போது முடியும் என்று எல்லோரையும் தனித்தனியாக எழுதச் சொன்னார். ஒன்றரை வருடத்திலிருந்து இரண்டரை வருடத்துக்குள் எழுதினார்கள். பிறகு, அந்தத் துறையில் பழுத்த ஒருவரிடம், இதே மாதிரி குழுக்கள் மற்ற இடங்களில் எவ்வளவு காலம் எடுத்தன என்று கேட்டார். அவர் யோசித்துவிட்டு, ஏறக்குறைய 40 சதவீதம் பேர் முடிக்கவே இல்லை, முடித்தவர்களும் ஏழிலிருந்து பத்து வருடம் எடுத்தார்கள் என்றார். அவரும் சற்று முன்புதான் இரண்டரை வருடத்துக்குள் எழுதியிருந்தார்! அந்த வேலை முடிய எட்டு வருடம் ஆனது. உள்ளே இருந்து பார்த்தால் நம் வேலை தனி மாதிரியாகத் தெரியும், அதனால் மற்றவர்களுக்கு என்ன ஆனது என்று கேட்கவே தோன்றாது. உங்கள் கம்பெனியில் முன்பு நடந்த டேட்டா மாற்றும் ப்ராஜெக்டுகளின் பிளான் தேதியையும் முடிந்த தேதியையும் எடுத்துப் பாருங்கள். அதுதான் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய ஆகச் சிறந்த எஸ்டிமேட்.

இரண்டாவது, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு எண் வாங்காமல் மூன்று எண் வாங்குங்கள்: எல்லாம் நன்றாக நடந்தால், வழக்கமாக நடந்தால், உதைத்தால். 1950களின் கடைசியில் அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவாக்கிய பெர்ட் முறையில், நடு எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுப்பார்கள். 4, 6, 14 நாள் என்று ஒருவர் சொன்னால் விடை 7. ஆறு என்று எழுதிக்கொண்டு போயிருப்போம். ஒரு நாள்தானே என்று தோன்றும், இருபது வேலையில் கூட்டிப் பாருங்கள். விடையைவிட, அந்த 14ஐச் சொல்லும்போது அவர் என்ன காரணம் சொல்கிறார் என்பதுதான் எனக்குப் பொக்கிஷம், ரிஸ்க் பட்டியலே அதில் இருக்கும்.

மூன்றாவது, மூன்று டேட்டாபேஸ் வேலையும் பக்கத்தில் பக்கத்தில் நடக்கிறது, மூன்றும் முடிந்தால்தான் கோ-லைவ். ஒவ்வொன்றும் நேரத்துக்கு முடிய 80 சதவீத வாய்ப்பு என்று வையுங்கள், ஒன்றோடொன்று சம்பந்தமில்லை என்றும் வையுங்கள். மூன்றும் சேர்ந்து நேரத்துக்கு முடிய வாய்ப்பு 51 சதவீதம்தான். நாணயத்தைச் சுண்டிப் போடும் அளவு. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் பச்சை, சேர்த்துப் பார்த்தால் பாதிக்குப் பாதி. அதனால் பஃபரை, அதாவது தாமதத்துக்கென்று விடும் கூடுதல் நாட்களை, ஒவ்வொரு டாஸ்க்கிலும் ஒளித்து வைக்காமல் கடைசியில் மொத்தமாக, எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி ஒரே வரியாக வையுங்கள். ஒளித்து வைத்த நாட்கள் எப்படியும் செலவாகிவிடும், கொடுத்த நேரத்தை நிரப்பும் அளவுக்கு வேலை வளரும் என்று பார்க்கின்சன் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் 1955லேயே எழுதிவிட்டார்.

அரைப்புள்ளி:

எல்லோரும் எழுதியதைப் படித்தேன். காத்திருக்கச் சொன்னதைப் பாதி திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். சர்வர் வாடகை விஷயம் சரியான வாதம், எதிர்ப்பக்கம் முடிவெடுக்க வேண்டியிருந்தால் காத்திருக்கக் கூடாது. ஆனால் மீதிப் பாதியை விடமாட்டேன். சிவப்பு காட்டியவரையே குற்றவாளியாக நிறுத்திக் கேள்வி கேட்கும் மீட்டிங்குகள் நம் எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் யாரும் சிவப்பு காட்டமாட்டார்கள், எந்த ஃபார்மட் மாற்றினாலும் பச்சைதான் வரும். ரிப்போர்ட் எழுதுபவருக்கு அறிவுரை சொல்வதைவிட, அதைப் படிக்கும் மேலதிகாரிகளுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். முதல் சிவப்பு வரும்போது "ஏன்?" என்று கேட்காமல் "என்ன வேண்டும்?" என்று கேட்கிற ஒருவர் மேலே இருந்தால் மற்றதெல்லாம் தானாக வரும்.

பழைய_கை:

அரைப்புள்ளி, இந்த மீதிப் பாதியை நான் முழுதாக ஏற்றுக்கொள்கிறேன். இழையிலேயே முக்கியமான வாக்கியம் அதுதான் என்பேன். அதே சமயம், மேலே இருப்பவர் மாறட்டும் என்று உட்கார்ந்திருக்கவும் முடியாது, மூன்று வாரத் தாமதத்தை மறைப்பது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. நீலக்குடை, ரிப்போர்ட்டில் எதிர்பாராமல் பார்க்கும்படி விடாதீர்கள். வெள்ளிக்கிழமைக்கு முன்பே கிளையண்ட் பக்கத்துப் பொறுப்பாளரிடம் போனில் பேசிவிடுங்கள், ரிப்போர்ட் அதற்குப் பிறகு போகட்டும். இதைச் செய்தாலே அந்த விசாரணை மீட்டிங்கின் சூடு பாதி குறையும்.

நீலக்குடை:

மேலதிகாரி சம்மதித்துவிட்டார். கணக்கு_நோட்டு சொன்ன மாதிரி பழைய ப்ராஜெக்டுகளின் தேதிகளை எடுத்துக் காட்டியதும் அவரே மூன்று வாரம் போதாது என்றார். போனில் பேசியாகிவிட்டது. ரிப்போர்ட்டின் மேலே வைக்கப்போகும் பத்தி இது, பார்த்துத் திருத்துங்கள்:

"கோ-லைவ் குறித்த தேதியில் நடக்காது. இப்போதைய கணிப்பு மூன்றிலிருந்து ஐந்து வாரம் தாமதம். காரணம், முழு டேட்டா லோடில் இரண்டு பிரச்சினைகள் தெரிந்தன: பிறந்த தேதி இல்லாத கணக்குகள், ஒரே நபரின் பல பதிவுகள். முதலாவதற்கு ஸ்கிரிப்ட் எழுதிக்கொண்டிருக்கிறோம். இரண்டாவதை உங்கள் தரப்பில் சரிபார்க்க இருவர் வேண்டும், அவர்கள் வரும் தேதியைப் பொறுத்துத்தான் மூன்றா ஐந்தா என்பது முடிவாகும். பழைய சர்வரை நிறுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். அடுத்த புதன்கிழமை கணிப்பைத் திருத்தி அனுப்புவோம்."

சோதனை_மேசை:

நன்றாக இருக்கிறது, வருத்தம் தெரிவிக்கிறோம் என்று நான்கு வரி சேர்க்காமல் விட்டதும் நல்லது. ஒன்று மட்டும் சேர்க்கலாம்: இரண்டு டேட்டாபேஸை மட்டும் பழைய தேதியிலேயே மாற்ற முடியுமா? முடியுமென்றால் அதை ஒரு தேர்வாகக் கொடுங்கள். எல்லாம் தள்ளிப்போவது, பாதி இப்போது பாதி பிறகு, இந்த இரண்டில் எது தேவலாம் என்று அவர்கள் சொல்லட்டும், பிசினஸ் அவர்களுடையது. புதன்கிழமை புதிதாகச் சொல்ல எதுவும் இல்லாவிட்டாலும் அந்த மெயில் கண்டிப்பாகப் போக வேண்டும்.

கணக்கு_நோட்டு:

பிளான் ஷீட்டில் பழைய தேதியை அழித்துவிட்டுப் புதியதை எழுதாதீர்கள். பழையது அப்படியே இருக்கட்டும், பக்கத்துக் கட்டத்தில் புதியது வரட்டும். ஒவ்வொரு வாரமும் அன்றைய கணிப்புத் தேதியை ஒரு வரியாகச் சேர்த்துக்கொண்டே வந்தால், தேதி நிலைத்து நிற்கிறதா, வாரத்துக்கு ஒரு வாரம் நகர்கிறதா என்று யாரும் சொல்லாமலே தெரியும்.

புதுவரவு:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். தாமதம் முழுக்க கிளையண்ட் பக்கத்திலிருந்தே வந்தால்? எங்களுக்கு ஒரு டிசைன் ஒப்புதல் வராமல் மாதக்கணக்கில் நிற்கிறது, ஆனால் முடிவுத் தேதி மட்டும் மாறவில்லை என்கிறார்கள்.

மண்வெட்டி:

ஒப்புதல் கேட்ட தேதி, வர வேண்டிய தேதி, வந்த தேதி, மூன்றையும் பிளானிலேயே ஒரு டாஸ்க்காகப் போடுங்கள், பொறுப்பாளர் என்ற இடத்தில் அவர்கள் பெயரைப் போடுங்கள். ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் "இந்த ஒப்புதல் இத்தனை நாள் தள்ளியிருக்கிறது, அதனால் முடிவுத் தேதி இப்போது இது" என்று ஒரே வரி, குற்றம்சாட்டும் தொனி இல்லாமல். கடைசியில் ஒரே கடிதமாக எழுதினால் சண்டையாகத்தான் முடியும். காண்ட்ராக்டில் தாமதத்தை இத்தனை நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு பிரிவு இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், கட்டுமான ஒப்பந்தங்களில் பெரும்பாலும் இருக்கும். அந்த நாள் தாண்டிவிட்டால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் கூடுதல் நாள் கேட்க முடியாமல் போகலாம்.